பதினான்காம் காசெட்டைப் பார்ப்பவன்

3 ஜூன், திங்கள்

பின்னால் யாராவது விசாரித்தால் கையில் ஆதாரம் இருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதத் தொடங்குகிறேன். கல்லூரி நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தேதி போட்டு எழுதாத எதுவும் நடந்ததாகவே எனக்குத் தோன்றுவதில்லை.

விஷயம் இதுதான். டிவிக்குக் கீழே உள்ள அலமாரியில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. நானே படித்து, நானே தட்டுத்தடுமாறி, அதை வீட்டு சர்வராக மாற்றியிருக்கிறேன். உறவினர் வீட்டுப் பரண்களில் பூஞ்சை பிடித்துக் கிடந்த வீடியோ காசெட்டுகளையெல்லாம் வாங்கி வந்து, துடைத்து, எண் கொடுத்து, அதில் ஏற்றியாயிற்று. மணமகள் முகம் தாமரைக்குள் மலர்வதும், மணமகன் இதய வடிவத்துக்குள் பம்பரமாகச் சுற்றுவதும் இனி அழியாது. நாட்டுக்கு இது நல்லதா என்பது வேறு கேள்வி.

மதுரையில் இருக்கும் என் மைத்துனன் நெடுஞ்செழியன், தன் கல்யாணத்தைத் தன் வீட்டிலிருந்தே பார்க்க வேண்டும் என்றான். அதற்காக ரவுட்டரில் ஒரு வாசலைத் திறந்து வைத்தேன். போர்ட் என்பார்கள். எங்கள் வீட்டு இணைய முகவரி தெரிந்தவர் அந்த வாசலுக்கு வந்து கடவுச்சொல்லைச் சொன்னால் உள்ளே விடும். கடவுச்சொல்லாக எங்கள் குலதெய்வத்தின் பெயரையே வைத்தேன்: பச்சைநாச்சி. மறந்து போகாது. காவலுக்கும் ஆயிற்று.

என் மனைவி சௌந்தரவல்லி வந்து எட்டிப் பார்த்தாள்.

"இதுல நம்ம வீட்டு காசெட்டும் இருக்கா?"

"இருக்கு."

"எல்லாமேவா?"

"எல்லாமே."

ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை. பிளம்பர் நாளை வருகிறேன் என்றார். அவர் அகராதியில் நாளை என்பது ஒரு தேதி அல்ல, ஒரு மனநிலை.

5 ஜூன், புதன்

சர்வரில் ஒரு பக்கம் உண்டு. இந்த நிமிடம் யார், எந்த ஊரிலிருந்து, எதைப் பார்க்கிறார்கள் என்று அதில் தெரியும். காலையில் காப்பியோடு போய் உட்கார்ந்தால் பதினோரு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் அனுமதித்தது ஒருவனை. அந்த ஒருவனுக்குப் போன் போட்டேன்.

"செழியா, பாஸ்வேர்ட யார்கிட்ட சொன்ன?"

"யார்கிட்டயும் சொல்லல அத்தான். குரூப்ல போட்டேன், அவ்வளவுதான்."

குரூப் என்பது 'பச்சைநாச்சி குடும்பத்தார்' என்ற வாட்ஸ்அப் குழு. எங்கள் வகையறா முழுவதும், பெண் கொடுத்த வீட்டார் உட்பட, அதில் இருக்கிறது. அட்மின் நான்தான்.

"குரூப்ல போடறதுக்கு என்னடா பேரு?"

"நம்ம ஆளுங்கதானே அத்தான்! வெளியாளுன்னா நான் போடுவனா?"

மதியம் விராலிமலைச் சித்தி அழைத்தார். தன் கல்யாணத்தில் பந்தி ரொம்ப நேரம் ஓடுகிறதாம், கொஞ்சம் வெட்டிவிட வேண்டுமாம். மாப்பிள்ளை வீட்டார் இரண்டாவது தடவை பாயசம் கேட்பது இப்போதும் அவருக்கு எரிச்சலாக இருக்கிறதாம். இன்னொருவன், புதுப்படம் இல்லையா பெரியப்பா என்று கேட்டு எழுதியிருந்தான். எவ்வளவு உரிமை!

இதெல்லாம் உள்நாட்டு விவகாரம். வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள் வாசலில் நின்று கடவுச்சொல்லை மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். மனிதர்கள்கூட இல்லையாம், இயந்திரங்களாம். உலகத்தில் திறந்திருக்கும் எல்லா வாசலையும் அவை தட்டுமாம். அவற்றுக்கு என் பெயர் அட்மின் என்று நினைப்பு. தில்லைநாயகம் என்று ஒன்றுகூட முயலவில்லை. திருட வருகிறவனாவது வீட்டுக்காரன் பெயரைத் தெரிந்துகொண்டு வரக் கூடாதா?

6 ஜூன், வியாழன்

காலையில் கடவுச்சொல்லை மாற்றினேன். பச்சைநாச்சிக்குப் பதில் அவள் எல்லையில் காவல் நிற்கும் மாசிக்கருப்பின் பெயர். யாரிடமும் சொல்லவில்லை. மாலை விளக்கேற்றும் நேரத்துக்குள் மொத்தக் குடும்பமும் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது.

"எப்படிடா கண்டுபிடிச்சீங்க?"

"இதுல கண்டுபிடிக்க என்னத்தான் இருக்கு? அம்மா இல்லன்னா கருப்புதான். பூசை போடற வரிசைதானே?"

மூன்றாவதாக யார் பெயரை வைத்தாலும் வரிசைப்படி வந்து நிற்பார்கள் என்று தெரிந்தது. சாமி பெயரில் பூட்டுப் போட்டால் பக்தர்களுக்குத்தான் திறக்கும். கருப்பு அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிளம்பர் வரவில்லை.

9 ஜூன், ஞாயிறு

ஒரு புதிய ஆள். கடவுச்சொல்லை இரண்டாவது முயற்சியிலேயே சரியாகச் சொல்லி உள்ளே வந்திருக்கிறான். வந்த முகவரியைத் தேடிப் பார்த்தால், ஊர் உட்ரெக்ட், நாடு நெதர்லாந்து. அந்த நாட்டில் எங்களுக்கு யாரும் இல்லை.

இவன் புதுப்படம் கேட்கவில்லை. கல்யாணமும் பார்க்கவில்லை. பதினான்காம் காசெட் ஒன்றை மட்டும் பார்க்கிறான்.

அது என்ன என்பதைப் பதிவுக்காகச் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு நிமிடம். துபாயிலிருந்து செழியன் கேமரா கொண்டுவந்த புதிதில் எடுத்தது. அதில், அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றின் நூலகர், பனியனும் வேட்டியுமாகச் சமையலறைத் தரையில் குந்தியிருந்து சேவல்போல் கூவுகிறார். பிறகு, பின்பக்கமாக வரும் லாரி ஆகிறார். பிறகு மறுபடி சேவல். எதிரே ஒரு வயதுக் குழந்தை. கூவும்போதெல்லாம் அது வாயைப் பிளக்கிறது. சௌந்தரவல்லி ஒரு வாய் பருப்புசாதத்தை உள்ளே தள்ளுகிறாள்.

குழந்தையைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பெயர் பூங்கோதை. மூன்று ஆண்டுகளுக்கு முன் பெங்களூரில் அது தன் விருப்பப்படி யாரையோ கல்யாணம் செய்துகொண்டது. அத்துடன் அந்தக் கோப்பு மூடப்பட்டது. குரூப்பிலிருந்தும் எடுத்துவிட்டேன்.

பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த சௌந்தரவல்லியிடம், "நெதர்லாந்துல நமக்கு யாரு இருக்கா?" என்றேன்.

"யாராவது டச்சுக்காரனா இருப்பான்," என்றாள். தலை நிமிரவில்லை. பீன்ஸ் மட்டும் வழக்கத்தைவிடப் பொடியாக விழுந்தது.

12 ஜூன், புதன்

இந்த உட்ரெக்ட்காரனுக்கு வேறு வேலையே இல்லையா? நாங்கள் டிபன் சாப்பிட்டு முடித்துக் கொஞ்ச நேரம் கழித்து ஒருமுறை. மதியத் தூக்கம் கலைந்து நான் எழும் நேரத்தில் ஒருமுறை. தினமும். இரண்டு நிமிடம் ஓட்டுகிறான், நிறுத்துகிறான், பின்னால் தள்ளி மறுபடி சேவலுக்கே வருகிறான். லாரி அவனுக்குப் பிடிக்கவில்லை போலும். அந்த லாரிக்கு நான் எவ்வளவு உழைத்திருக்கிறேன் என்பது எனக்குத் தெரியும்.

காவல் நிலையத்துக்குப் போனேன். இணையக் குற்றங்களைப் பார்க்கும் எஸ்.ஐ. இளவயதுக்காரர், மரியாதையாக நாற்காலி போட்டார்.

"என்ன சார் திருடினான்?"

"திருடல. பாக்கறான்."

"என்ன பாக்கறான்?"

"ஒரு வீடியோ."

"எந்த மாதிரி வீடியோ சார்?" குரலைத் தாழ்த்திக்கொண்டு கதவைச் சாத்தச் சொன்னார்.

நான் எழுந்துவிட்டேன். சேவல் விவரத்தைச் சொல்வதா, அவர் நினைத்துக்கொண்டதை அப்படியே விட்டுவிடுவதா, எது அதிக அவமானம் என்று என்னால் முடிவு செய்ய முடியவில்லை. வாசல்வரை வந்து, "பயப்படாதீங்க சார், வீட்டுக்குத் தெரியாம பாத்துக்கலாம்" என்றார்.

15 ஜூன், சனி

போதும். வாசலையே எடுத்துவிட்டேன்.

ரவுட்டரில் திறந்திருந்த போர்ட்டை மூடியாயிற்று. இனி வெளியிலிருந்து யார் வந்து தட்டினாலும், தட்டுவதற்குக் கதவே இருக்காது. பதிலாக ஒரு மென்பொருள். நான் ஓர் அழைப்பு அனுப்ப வேண்டும். பெற்றவர் அதைத் தன் போனில் ஏற்றி விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பம் என் திரையில் வரும். நான் ஒப்புக்கொண்டால் அந்தப் போனுக்கு மட்டும் ஒரு தனி சாவி கிடைக்கும். அதன் பிறகு அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே மற்றவர் எட்டிப் பார்க்க முடியாத ஒரு சுரங்கப்பாதை. நூலக உறுப்பினர் அட்டை முறைதான் இது. குலதெய்வத்தின் பெயரை இனிக் கோயிலில் சொல்லிக்கொள்ளலாம்.

சௌந்தரவல்லி பக்கத்திலேயே நின்றாள்.

"எதுக்குங்க இப்ப இதெல்லாம்? யாரு என்னத்தத் தூக்கிட்டுப் போனா?"

"ஊர் பேர் தெரியாத ஒருத்தன் நம்ம வீட்டு சமையக்கட்டப் பாக்கறான்."

"பாத்துட்டுப் போறான். நீங்க கூவறதக் கேக்கறதுக்கும் உலகத்துல ஒரு ஆள் இருக்கேன்னு சந்தோசப்படுவீங்களா!"

"இது கொள்கைப் பிரச்சினை."

"உங்க கொள்கையில இடி விழ," என்று சொல்லிவிட்டுப் போனாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. வெயில் அதிகம்.

செழியனுக்கு மட்டும், உரிய கண்டிப்புக்குப் பிறகு, சாவி கொடுத்தேன்.

17 ஜூன், திங்கள்

பரிபூரண அமைதி. திரையில் ஒருவரும் இல்லை. ஒரு நூலகம் இப்படித்தான் இருக்க வேண்டும்.

குழம்பில் உப்பு இல்லை. ரசத்திலும் இல்லை. சொன்னேன். "ஓ" என்றாள். காயாத துணியை எடுக்க இரண்டு தடவை போனோடு மாடிக்குப் போனாள்.

காலையிலும் மதியமும் வழக்கமான நேரத்துக்கு அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பூட்டு சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான்.

18 ஜூன், செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்தேன். சௌந்தரவல்லி சோறு போடாமல் கரண்டியோடு நின்றாள்.

"மூணு நாளா புள்ள வாயத் தொறக்கல."

"எந்தப் பிள்ளை?" என்றேன். இது வெறும் விவரம் கேட்கும் கேள்வி.

"உங்க பேரன்."

தட்டு காலியாகவே இருந்தது. அவள் பேசிக்கொண்டே போனாள். கோதையின் கணவனுக்கு வேலை மாறி அவர்கள் உட்ரெக்ட் போய் எட்டு மாதம் ஆகிறதாம். பையனுக்கு ஒரு வயது தாண்டிவிட்டதாம். சோற்றைக் கண்டாலே தலையைத் திருப்புவானாம், எடையே ஏறவில்லை என்று அங்கே டாக்டர் முகத்தைச் சுளித்தாராம். கார்ட்டூன் போட்டும், பாட்டுப் போட்டும், பொம்மை காட்டியும் ஒன்றும் நடக்கவில்லையாம். ஒருநாள் தற்செயலாக இந்தக் காசெட்டைப் போட்டாளாம். கூவியதும் வாயைத் திறந்தானாம். அன்றிலிருந்து அதுதான் சாப்பாடாம்.

"உலகத்துல வேற சேவலே இல்லையா?" என்றேன்.

"அதுக்கு உங்க சேவல்தான் வேணுமாம். நிஜச் சேவலப் போட்டுக் காட்டினா அழுவுதாம்."

எனக்கு வந்த ஆத்திரத்தில், முக்கியமான கேள்வியைக் கேட்டேன். "பாஸ்வேர்ட யாரு குடுத்தா? நீயா? செழியனா?"

"யாரும் குடுக்கல. அட்ரஸ்தான் குடுத்தேன். குலதெய்வம் பேரும் கருப்பு பேரும் அவளுக்குத் தெரியாதா? குரூப்ல இருந்து எடுத்தீங்க சரி. சாமிகிட்ட இருந்து எப்படி எடுப்பீங்க?"

இங்கே அவளுடைய வாதத்தில் ஓர் ஓட்டை இருந்தது. விடவில்லை.

"கல்யாணம் ஆன பொண்ணுக்கு அது குலதெய்வமே இல்ல. புருஷன் வீட்டு சாமிதான் அவளுக்குக் குலதெய்வம்."

"அப்ப அந்தக் கல்யாணத்த ஒத்துக்கிறீங்களா?"

மோட்டார் ஓடுகிறதா என்று பார்க்க நான் எழுந்துபோக வேண்டியிருந்தது.

19 ஜூன், புதன்

விதி என்று ஒன்று இருக்கிறது. உறுப்பினராக விரும்புகிறவர் தாமே விண்ணப்பிக்க வேண்டும். இதை யாருக்காகவும் நான் வளைத்ததில்லை. கல்லூரி முதல்வரே என்றாலும் அட்டையில் கையெழுத்துப் போட்டுத்தான் புத்தகம் எடுத்தார்.

"அவ கேக்க மாட்டா," என்றாள் சௌந்தரவல்லி. "தொரத்தி விட்டவர்கிட்ட எப்படிக் கேப்பா? ரோஷத்துல யாரக் கொண்டு பொறந்திருக்கான்னு தெரியாதா?"

மதியம் திரையில் செழியன் வந்தான். பதினான்காம் காசெட்டைத் திறந்தான். அவன் கல்யாணம் இருப்பது ஆறாம் காசெட்டில். தரவிறக்க முடியாதபடி நான் தொடக்கத்திலேயே அடைத்து வைத்திருக்கிறேன் என்பதால், டிவியில் ஓடவிட்டு அதை இன்னொரு போனில் படம் எடுத்து அனுப்பியிருக்கிறான். பட்டப்பகலில் கடத்தல். சாயங்காலம் அவனே ஒப்புக்கொண்டான்.

"பிரயோஜனமில்ல அத்தான். நீங்க லாரி ஓட்டறப்ப நான் சிரிச்சிட்டேன். அந்தச் சத்தத்துல புள்ள பயந்து துப்பிருச்சாம்."

"இருபத்தேழு வருஷம் கழிச்சும் உனக்கு அது சிரிப்பா?"

"கோவிச்சுக்காதீங்க. நீங்களே ஒரு தடவ கூவி வாய்ஸ் மெசேஜ்ல போட்டுவிட்டீங்கன்னா, நான் அனுப்பிடுவேன். நீங்கன்னு சொல்ல மாட்டேன்."

பொதுமக்களுக்குக் கூவும் பணியை நான் ஏற்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். குழந்தைக்குச் சோறு ஊட்டத் தெரியாதவர்கள், அந்நிய தேசத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, ஓய்வு பெற்ற மனிதர்களின் தொண்டையை நம்பிக் குடும்பம் நடத்துகிறார்கள்.

20 ஜூன், வியாழன்

குளிக்கும்போது தொண்டையில் ஏதோ அடைத்தது. நாலைந்து தடவை பலமாகச் சரிசெய்ய வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டு ரெங்கசாமி மதில் மேல் எட்டிப் பார்த்து, "சேவல் வாங்கியிருக்கீங்களா சார்? நல்ல ஜாதியா?" என்றார். இல்லை என்றேன்.

21 ஜூன், வெள்ளி

சௌந்தரவல்லியின் போனும் ஒரு போன்தானே. மாடியில் உட்கார்ந்து அவள் சர்வரைப் பார்க்க விரும்பலாம். எனவே அவளுக்கு ஓர் அழைப்பு அனுப்பினேன். கூடவே எப்படி ஏற்றுவது என்று தமிழில் விளக்கமும் எழுதினேன். முதலில் எதை அழுத்துவது, பிறகு எதை, ஐபேடாக இருந்தால் எங்கே, வெளிநாட்டில் இருந்தால் எந்த இடத்தில் மாட்டிக்கொள்ளும், அப்போது என்ன செய்வது. சௌந்தரவல்லியிடம் ஐபேட் கிடையாது. அவள் வெளிநாட்டிலும் இல்லை. விளக்கம் என்றால் முழுமையாக இருக்க வேண்டும்.

அவள் அதைப் படித்தாள். இரண்டு தடவை படித்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"அடுத்தவங்களுக்கு அனுப்பக் கூடாதுன்னு எங்கயும் எழுதலயே?"

"எழுத இடம் பத்தல," என்றேன்.

இரவுச் சாப்பாட்டில் உப்பு இருந்தது.

22 ஜூன், சனி

விண்ணப்பம் வந்துவிட்டது.

கருவி: ஐபேட். ஊர்: உட்ரெக்ட். பெயர்: தி. பூங்கோதை. கல்யாணம் ஆகி மூன்று ஆண்டு கழித்தும் தலைப்பெழுத்தை மாற்றவில்லை. அடையாளம் சரிபார்ப்பதற்காக இதைக் குறித்துக்கொள்கிறேன், வேறு நோக்கமில்லை.

கீழே இரண்டு பொத்தான். ஏற்கிறேன். மறுக்கிறேன். உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முகூர்த்த நாள் பார்த்துப் பத்திரிகை அடித்து ஊரைக் கூட்டி நான் செய்திருக்க வேண்டியதை ஒரு பதிவாளர் அலுவலகத்தில் முடித்துக்கொண்டவள், இன்று முறைப்படி விண்ணப்பிக்கிறாள். இந்த முறை அன்று எங்கே போயிற்று? ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? முடியாது என்றுதான் சொல்லியிருப்பேன். இருந்தாலும் கேட்டிருக்கலாம்.

"ஏங்க," என்றாள் சௌந்தரவல்லி முதுகுக்குப் பின்னாலிருந்து. "அங்க சாப்பாட்டு நேரம் ஆயிருச்சு."

ஏற்கிறேன் என்பதை அழுத்தினேன்.

உடனே இன்னொரு கேள்வி வந்தது. சாவி ஆறு மாதத்தில் காலாவதி ஆகும், அதன் பிறகு மறுபடி அனுமதி கேட்க வேண்டும், அப்படியே இருக்கட்டுமா என்றது. இருக்க வேண்டும். அதுதான் பாதுகாப்பு. எல்லா வழிகாட்டிகளும் அதையே சொல்கின்றன. செழியனுக்கு அப்படித்தான் வைத்திருக்கிறேன். இந்த ஒரு சாவிக்கு மட்டும் காலாவதி இல்லை என்று மாற்றினேன். அடிக்கடி அனுமதி கொடுத்துக்கொண்டிருக்க எனக்கு நேரம் கிடையாது.

திரையில் பதினான்காம் காசெட் ஓடத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் நின்றது. பின்னால் தள்ளவில்லை, அப்படியே நின்றுவிட்டது. என் மென்பொருளில் குறையா, அவர்கள் இணைப்பில் குறையா என்று நான் தேடிக்கொண்டிருந்தபோது சௌந்தரவல்லியின் போன் அடித்தது. வீடியோ அழைப்பு. அவள் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

உயரமான நாற்காலியில் ஒரு பயல் உட்கார்ந்திருந்தான். கன்னமெல்லாம் பருப்பு. என்னைப் பார்த்தான். பக்கத்திலிருந்த ஐபேடில் உறைந்து நின்றவனைப் பார்த்தான். மறுபடி என்னைப் பார்த்தான். அவன் மேல் தப்பில்லை. அதில் இருப்பவனுக்கு மீசை கறுப்பு. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, இந்தக் கிழவனிடம் என்ன இருக்கிறது என்று விசாரிப்பவன்போல் உட்கார்ந்திருந்தான். என் வீட்டில் யாரும் என்னை அப்படி விசாரித்ததில்லை.

கூவினேன்.

முதல் கூவலில் குரல் உடைந்துவிட்டது. பயல் அசையவில்லை. இரண்டாவது சரியாக வந்தது. அவன் வாயைத் திறந்தான். நாலு பல் தெரிந்தது. பக்கத்திலிருந்து ஒரு கை வந்து கரண்டியை உள்ளே தள்ளியது. கை மட்டும்தான் தெரிந்தது. முகத்தைக் காட்டவில்லை. நானும் காட்டச் சொல்லவில்லை. கரண்டியை அவள் பிடித்திருந்த விதம் தவறு. அப்படிப் பிடித்தால் பாதி கீழேதான் சிந்தும்.

பயல் மென்றான். விழுங்கினான். மறுபடி என்னையே பார்த்தான்.

"இன்னொரு தடவ, அப்பா," என்றது கைக்குரியவளின் குரல்.

மூன்று ஆண்டு வாய் திறக்காமல் இருந்துவிட்டு ஒருத்தி தகப்பனிடம் பேசும் முதல் பேச்சு இது. எப்படி இருக்கிறீர்கள் என்று இல்லை. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று இல்லை. ஏதோ கடையில் இன்னொரு தோசை கேட்பதுபோல! இதற்கு என்ன பதில் சொல்ல வேண்டுமோ அதைக் கடுமையாகச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் மூச்சை இழுத்தேன்.

பயல் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

கிண்ணம் காலியாகும்வரை கூவினேன்.